வீட்டுக்கு டிஷ்வாஷர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஆறு வருடமாக எங்கள் வீட்டில் டிஷ்வாஷர் ஓடுகிறது. முதல் மெஷின் மூன்று வருடத்தில் போய்விட்டது. இப்போது இருப்பது இரண்டாவது. முதலாவது ஏன் போனது என்பதைத் தண்ணீர் பற்றிய பதிலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று யார் வாங்கப் போனாலும் நானும் கூடப் போய்ப் பார்க்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் தண்ணீரையும், வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தையும் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

நம் சமையலுக்கு இது சரிப்படுமா? எண்ணெய், புளி, மசாலா எல்லாம் போகுமா?

போகும். கையால் தேய்க்கும்போது கை தாங்கும் சூட்டுக்கு மேல் தண்ணீரைப் பயன்படுத்த முடியாது. மெஷினுக்குள் 50 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரை சுடுதண்ணீர் பீச்சியடிக்கிறது. அதில் கலக்கும் சோப்பும் நாம் சிங்க்கில் போடும் சோப்பு இல்லை. காரத்தன்மை அதிகமுள்ளது, மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள் அதில் இருக்கின்றன. சாம்பார் காய்ந்த கிண்ணம், மாவு ஒட்டிய இட்லித் தட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய தாளிப்புக் கரண்டி எல்லாம் பளிச்சென்று வரும். இட்லித் தட்டின் குழிகளையும் ஓட்டைகளையும் நார் போட்டுத் தேய்த்துப் பழகியவர்களுக்கு முதல் நாளே இதன் அருமை புரியும்.

அடிப்பிடித்துக் கருகிய பால் பாத்திரம் மட்டும் வேறு கதை. மெஷின் தண்ணீரை வேகமாக அடிக்குமே தவிர, உரசித் தேய்க்காது. கருகலை ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

12, 13, 14 பிளேஸ் செட்டிங் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு எது?

ஒரு பிளேஸ் செட்டிங் என்பது ஐரோப்பிய முறையில் ஒருவர் சாப்பிடத் தேவையான தட்டுகள், கோப்பை, சாஸர், கிளாஸ், கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. அந்தக் கணக்கில் குக்கரும் வாணலியும் ரசச் சட்டியும் சரியாக அடங்காது. அதனால் 12க்கும் 14க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் அந்தக் கூடுதல் இரண்டு, கரண்டி வைக்கும் மூன்றாவது தட்டிலிருந்து வருகிறது. அந்தத் தட்டு இருந்தால் கீழே உயரம் குறையும். நம் பாத்திரங்களுக்கு உயரம்தான் முக்கியம்.

முழு அளவு மெஷின் 60 செ.மீ. அகலம். 45 செ.மீ. அகலத்தில் ஒல்லியான மாடல்கள் 9 அல்லது 10 செட்டிங் பிடிக்கும். மேடைமேல் வைக்கும் சின்ன மெஷின் 6 முதல் 8 வரை. தட்டும் டம்ளரும் மட்டும் போட நினைக்கும் இரண்டு பேருக்குச் சின்னது போதும். மூன்று வேளையும் சமைக்கும் வீடு என்றால், இருப்பது இரண்டே பேராக இருந்தாலும், 60 செ.மீ. தான் என் பரிந்துரை. சின்ன மெஷினில் ஐந்து லிட்டர் குக்கரை வைத்தால் மற்றதற்கு இடமே இருக்காது.

விற்பனையில் வெற்றி கண்ட முதல் டிஷ்வாஷரை உருவாக்கியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன். 1886இல் காப்புரிமை பெற்றார். தன் வீட்டுத் தட்டு, கோப்பை, சாஸர்களை அளந்து, ஒவ்வொன்றும் நிற்பதற்கு ஏற்ற கம்பி அறைகளைச் செய்துகொண்டதிலிருந்துதான் அவர் தொடங்கினார். நீங்களும் அதையே செய்யுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு பெரிய பையில் உங்கள் குக்கர், வாணலி, இட்லித் தட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கீழ் ரேக்கில் கம்பிகளை மடக்கி வைத்துப் பாருங்கள். மேல் ரேக்கை உயர்த்த முடிகிறதா என்று பாருங்கள். பாத்திரத்தை வைத்த பிறகு நடுவில் தண்ணீரைப் பீச்சியடிக்கும் விசிறிக்கை தட்டாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும். நாம் போடும் பணம் பெரிய பணம்.

போர் தண்ணீர்தான் வருகிறது. ஓடுமா?

ஓடும், ஆனால் உப்பு போட வேண்டும். எங்கள் முதல் மெஷின் இதில்தான் போனது. பொருத்த வந்தவர், "ஆல் இன் ஒன் சோப்பு மாத்திரை போடுங்கள், உப்பெல்லாம் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நம்பினோம். இரண்டே மாதத்தில் டம்ளர்களில் வெள்ளைப் படலம், எவர்சில்வர் தட்டுகளில் திட்டுத் திட்டாகக் கறை. மூன்றாவது வருடம் தண்ணீர் சூடாகவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது ஹீட்டர் பகுதியில் சுண்ணாம்பு கெட்டிப்பட்டிருந்தது. பிறகுதான் தண்ணீரைச் சோதித்தோம். கடினத்தன்மை 620 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 620 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 600 வரை. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டியிருந்தது.

நல்ல டிஷ்வாஷருக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று இருக்கும். அதிலுள்ள பிசின் மணிகள் தண்ணீரிலிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் மெஷின் தானாகவே உப்புக் கரைசலை அவற்றின்மேல் ஓட்டிப் புதுப்பித்துக்கொள்ளும். உப்புக்கு அங்கே அது ஒன்றுதான் வேலை. உப்பு தீர்ந்துவிட்டால் மணிகளும் வேலை செய்யாது. மெஷின் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு படிவது நம் கண்ணில் படாது.

மாத்திரையிலேயே மென்மையாக்கி இருப்பது உண்மைதான். பொதுவாக அது 21 ஜெர்மன் டிகிரி வரை தாங்கும். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது 17.8 பிபிஎம். அப்படியென்றால் சுமார் 370 பிபிஎம் வரைதான். அதற்கு மேல் உப்பு கட்டாயம். தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப உப்பு அளவை மெஷினில் அமைக்க வேண்டும். பல மெஷின்களில் அந்த அமைப்பின் உச்சம் 50 ஜெர்மன் டிகிரி, அதாவது ஏறக்குறைய 890 பிபிஎம். வாங்கும் மாடலின் கையேட்டில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்காது, கையேட்டில் இருக்கும். உங்கள் தண்ணீர் அதைவிடக் கடினம் என்றால், வீட்டுக்கு வரும் குழாயிலேயே தனியாக ஒரு வாட்டர் சாஃப்ட்னர் வைத்தபிறகு மெஷின் வாங்குவதுதான் சரி.

டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அதில் பார்த்தால் போதாதா?

போதாது. டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. கடினத்தன்மை என்பது அதில் முக்கியமாகக் கால்சியமும் மக்னீசியமும். டிடிஎஸ் 900 காட்டும் இரண்டு வீடுகளில் ஒன்றின் கடினத்தன்மை 250 ஆகவும் இன்னொன்றில் 600 ஆகவும் இருக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சின்ன கிட்டும் கிடைக்கிறது. வீட்டுக்கு அது போதும்.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்கு உப்பு அளவு மிகக் குறைவாக வைத்தால் போதும். அது அவ்வளவு மென்மை. அதே ஊரில் போர் தண்ணீர் வரும் வீட்டின் நிலைமை நேர் எதிர். சென்னை அடுக்குமாடிகளிலோ மெட்ரோ தண்ணீர், போர், லாரித் தண்ணீர் எல்லாம் ஒரே சம்ப்பில் விழுகிறது. அதனால் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும் சோதித்து, அதிகமாக வரும் எண்ணுக்கு மெஷினை அமைத்துவிடுங்கள்.

கல் உப்பு போடலாமா? கடையில் விற்கும் டிஷ்வாஷர் உப்பு விலை அதிகமாக இருக்கிறதே.

போடாதீர்கள். உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பில் நாம் எதை எடுக்கப் பார்க்கிறோமோ அந்தக் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும், கூடவே கரையாத மண்ணும். தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் பிசின் மணிகளைக் கெடுக்கும். நைசாக இருப்பதால் அடியில் இறுகியும் போகும். டிஷ்வாஷர் உப்பு என்பது சுத்தமான, பருமனான சோடியம் குளோரைடு. எங்கள் வீட்டில் மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது.

முதல் முறை உப்பு போடும்போது அந்தத் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டுப் பிறகு உப்பைக் கொட்ட வேண்டும். அடுத்த முறைகளில் உப்பு மட்டும். எப்போது நிரப்பினாலும் உடனே ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள். தொட்டிக்கு வெளியே சிந்திய உப்புத் தண்ணீர் ராத்திரி முழுக்க மெஷினுக்குள் நின்றால் எவர்சில்வரையும் அரிக்கும்.

நாங்கள் கடைசி மாடி. தண்ணீர் அழுத்தம் போதுமா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டியது. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கிட்டத்தட்ட ஒரு பார். அப்படியானால் 0.5 பாருக்கு ஐந்து மீட்டர். கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு தலைக்கு மேலேயே தொட்டி. குழாய் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்கூட இருக்காது. மெஷின் தண்ணீருக்குக் காத்திருந்து, வரவில்லை என்று எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மெஷினில் குறை என்று நினைத்து சர்வீஸுக்கு மேல் சர்வீஸ் கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன பிரஷர் பம்ப் ஒன்று வைத்தால் தீரும். கீழ் மாடிகளில் இந்தக் கவலை இல்லை.

எங்கே வைப்பது?

சிங்க்குக்குப் பக்கத்தில். தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய், 16 ஆம்பியர் பிளக் மூன்றும் எட்ட வேண்டும். மேடைக்கு அடியில் வைப்பதென்றால் தரையிலிருந்து கிரானைட் கல்லின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். மேல்மூடியைக் கழற்றினாலும் மெஷினுக்கு ஏறக்குறைய 82 செ.மீ. வேண்டும். பழைய வீடுகளில் மேடை உயரமே 30, 32 அங்குலம்தான்; உள்ளே போகாது. அப்படியானால் பின்பக்கத்து யூட்டிலிட்டியில் தனியாக நிறுத்திவிடலாம். கதவு முன்னால் சாய்ந்து திறக்க இன்னும் 60 செ.மீ. இடம் விடுங்கள். வெயிலும் மழைச்சாரலும் நேராகப் படாமல் இருக்க வேண்டும். அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி புகுந்து ஹோஸைக் கடிக்கும், அதையும் அடைத்துவிடுங்கள்.

உள்ளே வைப்பதற்கு முன் ஒரு முறை கழுவ வேண்டும் என்கிறார்களே, அப்புறம் எதற்கு மெஷின்?

கழுவ வேண்டாம். வழித்துப் போட்டால் போதும். கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய்ச் சக்கை, புளிச் சக்கை, சோற்றுப் பருக்கை இவைதான் வடிகட்டியை அடைப்பவை. ஒரு ரப்பர் கரண்டியால் குப்பையில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. ராத்திரிதான் ஓட்டுவேன் என்றால், காலைப் பாத்திரம் காய்ந்து கெட்டியாகாமல் இருக்க, சோப்பில்லாமல் தண்ணீரை மட்டும் அடிக்கும் பிரீ-ரின்ஸை ஒரு முறை போட்டுவிடுங்கள். வடிகட்டியை வாரம் இரண்டு முறை கழற்றிக் கழுவுங்கள். நம் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போதாது.

எதையெல்லாம் போடக் கூடாது?

அலுமினியம் முதலாவது. அந்தக் காரச் சோப்பில் ஒரே வாஷில் கறுத்துப்போகும்; திரும்பப் பளபளப்பாகாது. ஹார்டு அனோடைஸ்டு பாத்திரமும் அப்படித்தான், அதன் மேல்பூச்சு அரிக்கப்படும். இரும்பு தோசைக்கல்லும் வாணலியும் வேண்டவே வேண்டாம். வருஷக்கணக்காகப் பழக்கி வைத்த கல்லின் எண்ணெய்ப் பதம் ஒரே நாளில் போய்த் துருப்பிடித்துவிடும். பித்தளை, செம்பு, வெள்ளி, பூஜைச் சாமான், குத்துவிளக்கு எல்லாம் கையால்தான். மத்து, சப்பாத்திக் கட்டை, மரக்கரண்டி வெடிக்கும். மண்சட்டி சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். கல்சட்டியையும் அதே பயத்தில் நான் போடுவதில்லை. ஹாட் பேக், பிளாஸ்க் கூடாது. நான்-ஸ்டிக் சிலவற்றில் போடலாம் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் பூச்சின் ஆயுள் குறையும். மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடு சுற்றும் பகுதியில் தண்ணீர் இறங்கிக் கெடும். மூடியை மட்டும் மேல் ரேக்கில் போடுங்கள். எவர்சில்வர் குக்கரைப் போடலாம். வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாக்கள் மேல் ரேக்கில். மஞ்சள் கறை படிந்தது அப்படியே இருக்கும், சுத்தமாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் அலுமினியமும் இரும்பும் பித்தளையும் என்றால் மெஷின் உங்களுக்கு அதிகம் உதவாது. எவர்சில்வரும் கண்ணாடியும் பீங்கானும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

விம் ஜெல் கொஞ்சம் ஊற்றினால் என்ன?

நுரை பொங்கிக் கதவு வழியாகத் தரையில் வழியும். அதற்கென்று உள்ள தூள் அல்லது மாத்திரைதான். எனக்குத் தூள் பிடிக்கும். பாத்திரம் குறைவாக இருந்தால் அளவைக் குறைக்கலாம். அரை மணி நேரக் குறுகிய புரோகிராமில் மாத்திரை சில நேரம் முழுசாகக் கரையாது, தூள் கரைந்துவிடும்.

பாத்திரம் ஈரமாகவே இருக்கிறதே?

பெரும்பாலான வீட்டு மெஷின்கள் கடைசியில் சுடுதண்ணீரில் அலசி, அந்தச் சூட்டிலேயே பாத்திரத்தைக் காயவிடுகின்றன. எவர்சில்வரும் பீங்கானும் சூட்டைப் பிடித்துவைத்துக் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் ஈரம் நிற்கும். ரின்ஸ் எய்டு என்ற அலசும் திரவத்தை ஊற்றினால் தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடும், இதை விட்டுவிடாதீர்கள். முடிந்ததும் கதவு தானே கொஞ்சம் திறந்துகொள்ளும் மாடலுக்குக் கூடப் பணம் கொடுக்கலாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் நல்ல பலன் தெரிகிறது. ஈரத்தை உறிஞ்சிச் சூட்டை வெளிவிடும் ஜியோலைட் என்ற கனிமம் வைத்த மாடல்கள் இன்னும் நன்றாகக் காயவைக்கும், விலையும் அதற்கேற்றபடி. வைஃபைக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

தண்ணீரும் கரண்ட்டும் எவ்வளவு ஆகும்?

முழு அளவு மெஷின் ஒரு வாஷுக்கு சுமார் 10 லிட்டர் எடுக்கும். அதிகச் சூட்டில் கழுவும் இன்டென்சிவ் புரோகிராம் போட்டால் கொஞ்சம் கூடும். குழாயைத் திறந்துவைத்துத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் அவ்வளவு போய்விடும். லாரித் தண்ணீர் வாங்கும் கோடைக்காலத்தில் இந்த வித்தியாசம் பெரிசு.

கரண்ட், மிச்சம் பிடிக்கும் ஈகோ புரோகிராமில் ஒரு யூனிட்டுக்குள், 70 டிகிரி புரோகிராமில் ஒன்றரை யூனிட் வரை. தினம் ஒரு முறை ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 முதல் 90 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் கட்டணமும் மாறிவிடும் என்பதால், ஏற்கெனவே 450க்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஈகோ மூன்று நான்கு மணி நேரம் ஓடும். நேரம் அதிகம் என்று பயப்படாதீர்கள். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதால்தான் கரண்ட் மிச்சமாகிறது. கரண்ட் போனால் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாதாரண இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள், ஹீட்டரே இரண்டு கிலோவாட் பக்கம் இழுக்கும்.

பத்துப் பாத்திரம் தேய்க்க அக்கா வருகிறார். அவரை நிறுத்திவிடலாமா?

இதற்கு என் பதில், வேண்டாம். தோசைக்கல், மிக்ஸி ஜார், அலுமினியம் என்று கையால் தேய்க்க வேண்டியது தினமும் இருக்கும். எங்கள் வீட்டில் வரும் அக்காவுக்கு சம்பளத்தைக் குறைக்கவில்லை. தேய்க்கும் நேரம் குறைந்தது. காய் நறுக்குவது, துணி மடிப்பது என்று வேலையை மாற்றிக்கொண்டோம். வருடக்கணக்கில் சோப்பில் ஊறி வெடித்திருந்த அவர் விரல்கள் ஆறின. மெஷினில் அடுக்குவதையும் அவரே கற்றுக்கொண்டார், என்னைவிட நன்றாக அடுக்குகிறார்.

அசைவப் பாத்திரத்தையும் சைவப் பாத்திரத்தையும் ஒன்றாகப் போடலாமா?

சுத்தம் என்று பார்த்தால் தடையில்லை. மனசு ஒப்பவில்லை என்றால் தனித்தனி வாஷாக ஓட்டுங்கள். அம்மா எங்களுடன் இருக்கும் மாதங்களில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

சரி, எந்தக் கம்பெனி?

பாஷ், ஐஎஃப்பி, எல்ஜி, சாம்சங், சீமென்ஸ், ஃபேபர், வோல்டாஸ் பெக்கோ என்று நிறைய கிடைக்கின்றன. கழுவும் தரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் ஊரில் யாருக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறார் என்பதே முக்கியம். சென்னையில் நன்றாக ஓடும் பெயருக்குத் தேனியில் ஆள் இல்லாமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்து உங்கள் பின்கோடைச் சொல்லி, டிஷ்வாஷர் பார்க்கும் ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். வாஷிங் மெஷின் பார்ப்பவர் இருக்கிறார் என்றால் போதாது. டிஷ்வாஷர் என்று அழுத்திக் கேளுங்கள். பொருத்த வருபவர் உப்பு அளவை அமைக்காமல் கிளம்பப் பார்த்தால், சோதித்த எண்ணை நீட்டி, உங்கள் கண்முன்னாலேயே அமைக்கச் சொல்லுங்கள்.